கெலாங் பாத்தாவில் பாதியில் நின்ற கச்சேரி

யோங் பெங்கில் பஸ் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது.

தப்பு என்னுடையதுதான். கோலாலம்பூரிலிருந்து ஜோகூர் வரும் வழியில் ஓய்வுக்காக அங்கே நிறுத்தினார்கள். இறங்கும்போது டிரைவர் இரண்டு விரலைக் காட்டி மலாயில் என்னவோ சொன்னார். இருபது நிமிஷம் என்று அர்த்தமாம். கழிப்பறை, சாப்பாடு இரண்டுக்குமே நேரம் இருக்கிறது என்று நான் எடுத்துக்கொண்டேன். மீன் உருண்டை சூப் ஒன்று வாங்கி, உருண்டைக்குள் இன்னொரு உருண்டையாக இறைச்சி இருப்பதைக் கண்டுபிடித்து, அதை ரசித்துச் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தால், பஸ் நின்ற இடத்தில் ஒரு பூனை நடந்து போய்க்கொண்டிருந்தது. என் பெட்டி பஸ்ஸோடு போய்விட்டது. கைப்பையும் பாஸ்போர்ட்டும் அரைக் கிண்ணம் சூப்பும்தான் மிச்சம்.

பிலோவுக்குப் போன் செய்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. திரும்பச் செய்தேன். மூன்றாவது முறை அவளே கட் செய்துவிட்டு ஒரு செய்தி அனுப்பினாள். "என்னாச்சு? எழுது."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. முன்பின் தெரியாத ஊரில் நிற்கிறேன், இவள் எழுதச் சொல்கிறாள். இருந்தாலும் நடந்ததை எழுதி அனுப்பினேன்.

பிலோமினாவை நான் அதுவரை நேரில் பார்த்ததில்லை. முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன், பத்திரிகை ஒன்றின் பேனா நண்பர் பக்கத்தில் அவள் பெயரைப் பார்த்து எழுதத் தொடங்கினேன். எனக்கு அப்போது பதினாறு வயது. நான் திருச்சியில், அவள் இங்கே யோங் பெங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். மூன்றாவது கடிதத்தோடு ஒரு கேசட் அனுப்பியிருந்தாள். சிங்கப்பூர் வானொலியில் வந்ததைப் பிடித்துப் பதிவு செய்தது. 'லான்டர்ன் ரோ' என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் பாட்டுகள். பாதிப் பாட்டு முடியுமுன்பே அறிவிப்பாளர் பேசத் தொடங்கிவிடுவார். அதற்குமுன் நான் அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டதில்லை. எங்கள் தெருவில் இரண்டு வீட்டார் வந்து புகார் சொன்னார்கள்.

பிறகு எனக்குக் கல்யாணம் ஆனது, அவளுக்கும் ஆனது. நான் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை ஆனேன். அவள் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனாள். கடிதம் மின்னஞ்சலாகி, மின்னஞ்சல் வாட்ஸ்அப் ஆனது. எழுத்து மட்டும்தான். பேசலாமா என்று எப்போது கேட்டாலும் ஏதாவது சாக்குச் சொல்வாள். அந்தக் குழு பிரிந்துபோய் இருபது வருஷம் இருக்கும். போன வருஷம் அவர்கள் மறுபடி சேர்ந்து ஊர் ஊராக வாசிக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. நிகழ்ச்சிகளில் ஒன்று ஜோகூரில். பிலோ ஒரே வரிதான் எழுதினாள். "வா. இப்ப வரலைன்னா அப்புறம் நான் உன்னோட சேர்ந்து கேக்க முடியாது."

அதை நான் வயசாவதைப் பற்றிய பேச்சு என்று நினைத்தேன்.

நான் விழித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை ஏற்றிய லாரியின் டிரைவர் ஒருவர் பக்கத்தில் வந்தார். "என்னக்கா, பஸ் போயிருச்சா? அலமாக். டிக்கெட் இருக்கா? குடுங்க." டிக்கெட்டில் இருந்த எண்ணைக் கூப்பிட்டு மலாயில் பேசினார். நடுநடுவே சிரித்தார். "பெட்டி லார்க்கின் பஸ் ஸ்டாண்ட்ல இருக்கும். கவுண்டர்ல வாங்கிக்கலாம். பயப்படாதீங்க லா, இங்க மாசத்துக்கு ஒருத்தராவது இப்படி மாட்டிக்கிறாங்க."

அடுத்த மேஜையில் உட்கார்ந்திருந்த மலாய்ப் பெண் அவரிடம் என்னவோ கேட்டாள். என்னவென்று கேட்டேன். "சாப்பாடு அவ்வளவு ருசியான்னு கேக்குறாங்க," என்றார். ருசிதான் என்று சொல்லச் சொன்னேன்.

ஒன்றரை மணி நேரத்தில் பிலோ வந்துவிட்டாள். அவள் கணவர் அந்தோணி காரை ஓட்டிக்கொண்டு வந்தார். இறங்கியதும் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். குட்டையான, கெட்டியான உடம்பு. புகைப்படத்தில் தெரிவதைவிட நரை அதிகம். "ஹேமா," என்றாள். கடையே திரும்பிப் பார்க்கும்படி சத்தமாகச் சொன்னாள். என் கண்ணைப் பார்க்கவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். சூப் ஒட்டியிருக்கிறதோ என்று துடைத்துக்கொண்டேன்.

காரில் அவள் முன்னால், நான் பின்னால். வழியெங்கும் செம்பனை. வரிசை தப்பாமல், ஒரே உயரத்தில், மணிக்கணக்கில். நான் பஸ் கதையைச் சொன்னேன், தோட்டத்தைப் பற்றிக் கேட்டேன், அவள் ஏன் போனை எடுக்கவில்லை என்றும் கேட்டேன். அவள் முன்னால் பார்த்தபடியே இருந்தாள். கடைசியில் அந்தோணிதான் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"அவளுக்குக் கேக்காதுங்க. பின்னாலேர்ந்து பேசினா சுத்தமா கேக்காது. உங்ககிட்ட சொல்லலையா?"

அதன்பிறகு ஸ்கூடாயில் அவர்கள் வீடு வரும்வரை அவள் காதோர நரையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலை, வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் ரொட்டி சானாய் சாப்பிடும்போது பிலோ எல்லாவற்றையும் சொன்னாள். அந்த ரொட்டி நம் ஊர்ப் பரோட்டாவுக்கு உறவுதான், ஆனால் மெல்லிசு. பருப்புக் குழம்பில் தோய்த்தால் கரைகிறது. என் முகம் தெரியும்படி எதிரில் உட்கார்ந்துகொண்டாள். வலது காதில் சின்னதாக மெஷின் மாட்டியிருந்தாள்.

"இடது காது போயி பதினாலு வருஷம். வலதும் கொஞ்சம் கொஞ்சமா போயிட்டிருக்கு. ஃபேக்டரி சத்தமா, எங்கப்பா வழியா வந்ததான்னு டாக்டருக்கே தெரியல."

"இத்தனை வருஷம் எழுதினியே, ஒரு வார்த்தை சொல்லலாம்ல?"

"உன்கிட்ட மட்டும்தான் நான் காது கேக்குறவளா இருந்தேன். அதைக் கெடுத்துக்க மனசு வரல."

வருகிற வியாழக்கிழமை அவளுக்கு அறுவை சிகிச்சை. காதுக்குப் பின்னால் தோலுக்கு அடியில் ஒரு கருவியை வைப்பார்கள். அது ஒலியை மின் துடிப்பாக மாற்றி நரம்புக்கு நேராக அனுப்பும். இம்பிளாண்ட். இடது காது செத்து ரொம்ப வருஷம் ஆகிவிட்டதால் அதில் வைத்துப் பலன் இருக்காது என்றார்கள். வலதில்தான் வைக்க வேண்டும். வைத்தால் அதில் மிச்சமிருக்கிற இயற்கையான கேட்கும் சக்தியும் அநேகமாகப் போய்விடும். பேச்சு மெல்ல மெல்லப் புரிய வரும். பாட்டு பழையபடி இருக்காது.

"ரெண்டு வருஷமா மாட்டேன்னு சொன்னேன். அப்புறம் இவங்க திரும்பி வர்றாங்கன்னு நியூஸ் வந்துச்சு. கிதார் வாசிக்கிறவரு இருக்காருல்ல, அவருக்குக் காது போனதாலதான் குழுவே பிரிஞ்சுச்சாம். அப்ப யார்கிட்டயும் சொல்லல. இப்ப இதே ஆபரேஷன் பண்ணிக்கிட்டு, மறுபடி வாசிக்கக் கத்துக்கிட்டு வர்றாரு. அதைப் படிச்ச அன்னிக்குத்தான் டாக்டர்கிட்ட தேதி கேட்டேன். கச்சேரி முடிஞ்சு அஞ்சாம் நாள்."

நான் நுரை ததும்பிய தே தாரிக் டீயைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒலி என்ற பாடத்தை இருபத்தெட்டு வருஷம் நடத்தியிருக்கிறேன். அதிர்வெண், வீச்சு, செவிப்பறை என்று படம் போட்டுக் காட்டியிருக்கிறேன்.

"அப்ப சனிக்கிழமை கேக்குறதுதான்..." என்று தொடங்கினேன்.

"ஆமா. என் காதால கேக்குற கடைசிப் பாட்டு. நல்லாக் கேட்டுட்டுப் போயிடணும்." சொல்லிவிட்டு இன்னொரு ரொட்டிக்கு ஆர்டர் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை முழுவதும் ஸ்கூடாயில் சுற்றினோம். பல்கலைக்கழக ஊர். வீட்டு வரிசை, கடை வரிசை, மறுபடி வீட்டு வரிசை. மாணவர்கள் ஹெல்மெட்டோடு சாப்பிடக் காத்திருந்தார்கள். கார்கள் மூன்று வரிசையாக நின்று ஊர்ந்தன. யாரும் ஹாரன் அடிக்கவில்லை. எங்கள் ஊராக இருந்தால் இதற்குள் நாலு பேர் இறங்கிச் சண்டை போட்டிருப்பார்கள். லார்க்கினில் என் பெட்டி, சக்கரத்தில் ஒரு கீறல்கூட இல்லாமல், கவுண்டருக்கு அடியில் காத்திருந்தது.

பிலோவின் மகள் ஷீலா சிங்கப்பூரில் ஒரு கிடங்கு அலுவலகத்தில் வேலை செய்கிறாள். விடிவதற்கு முன்பே கிளம்பிப் பாலத்தைத் தாண்டிப் போய்விட்டு சாயங்காலம் வருகிறாள். வேலைக்காகத் தினமும் வேறு நாட்டுக்குப் போய் வருவதை நான் வியப்போடு கேட்டேன். அவளுக்கு நான் வியந்ததுதான் வியப்பு. என்னைச் சமையலறையில் தனியாகப் பிடித்தாள்.

"ஆன்ட்டி, அம்மா ரொம்ப எதிர்பார்த்துட்டாங்க. அந்த மெஷின்ல பெரிய ஸ்பீக்கர் சத்தம் ஒழுங்கா கேக்காது. டாக்டர் சொன்னாரு. அவங்க காதுல வாங்கல." சொல்லிவிட்டு, தான் சொன்ன வார்த்தை உறைத்து உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

சனிக்கிழமை பிற்பகல் நாங்கள் நாலு பேரும் கெலாங் பாத்தா பக்கம் போனோம். திறந்த மைதானம். ஐந்து மணிக்கு நிகழ்ச்சி. இரண்டாவது பாலம் வழியாக சிங்கப்பூரிலிருந்து வந்த பஸ்கள் வரிசையாக நின்றன. இளைஞர்கள் கூட்டமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். வந்தவர்களில் பாதிப்பேர் என் வயசு. கறுப்புச் சட்டை போட்ட மலாய்க்காரர்கள், முழங்காலுக்குப் பட்டை கட்டிய சீன அம்மாக்கள், பேரனைத் தோளில் வைத்துக்கொண்டு ஒரு சீக்கியர். இரண்டு பேர் சண்டை போடுவதுபோல் பேசிக்கொண்டிருந்தார்கள். ஷீலா காதில் வாங்கிச் சொன்னாள். "மூணாவது ஆல்பம்தான் பெஸ்ட்டுன்னு இவர் சொல்றாரு. இல்ல, ரெண்டாவதுன்னு அவர் சொல்றாரு. ரெண்டு பேரும் பேங்க் மேனேஜர் மாதிரி இருக்காங்க."

நாசி லெமாக் பொட்டலம் வாங்கிச் சாப்பிட்டோம். தேங்காய்ப்பால் சோறு, நெத்திலி, காரமான சம்பல். பிலோ சாப்பிடவில்லை. மெஷினுக்குப் புது பேட்டரி போட்டு, மூடியைத் திறந்து பார்த்து, மறுபடி மூடினாள்.

சரியாக ஐந்துக்கு அவர்கள் வந்தார்கள். ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தார்கள். பாடகருக்கு எழுபதைத் தாண்டியிருக்கும்; ஒல்லி, முழுக்க வெள்ளை முடி. டிரம்மர் இருக்கையில் உட்காரக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார். பாஸ் கிதார் வாசிப்பவர் ஊன்றுகோலை ஸ்பீக்கர் பெட்டி மேல் சாய்த்து வைத்துவிட்டுக் கருவியை எடுத்தார். கடைசியாகக் கிதார்க்காரர், தட்டைத் தொப்பியோடு. நான் படித்த காலத்தில் என் இயற்பியல் நோட்டின் உள்ளட்டையில் ஒட்டியிருந்த முகங்கள் இவை.

முதல் அடி விழுந்ததும் நெஞ்செலும்பு அதிர்ந்தது. கேசட்டில் நான் கேட்டதெல்லாம் இதன் ஒரு ஓரம்தான் என்று அந்த நிமிஷம் புரிந்தது. அந்தக் கிழவர்களிடமிருந்து அவ்வளவு பெரிய சத்தம் எப்படி வருகிறது என்று வாயைத் திறந்தபடி நின்றேன். கிதார்க்காரர் ஒரு கணம்கூடப் பாடகரிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை. பாடகர் மூச்சை இழுக்கும்போது இவர் விரல் இறங்கியது. காதுக்கு வரவேண்டியதைக் கண்ணால் வாங்கிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது பாட்டில் திரும்பி பிலோவைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். புகைப்படத்துக்காகச் சிரிக்கிற சிரிப்பு. கை மட்டும் மெஷின் சக்கரத்தை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தது. நான் அவள் முன்னால் போய் நின்று, "கேக்குதா?" என்று உதட்டை அசைத்தேன்.

"தகரத்து மேல ஜல்லி கொட்டுற மாதிரி இருக்கு," என்றாள். "பரவால்ல. நீ பாரு."

நாலாவது பாட்டோடு வானம் கறுத்துவிட்டது. ஜோகூர் மழை முன்னறிவிப்போடு வருவதில்லை. ஒரு சொட்டு, பத்துச் சொட்டு, பிறகு யாரோ மேலிருந்து அண்டாவைக் கவிழ்த்ததுபோல் கொட்டியது. கடல் பக்கம் மின்னல் இறங்கியது. மேடை விளக்குகள் அணைந்தன. ஒலிபெருக்கியில் ஒருவர் முதலில் மலாயிலும் பிறகு ஆங்கிலத்திலும் பேசினார். இடி மின்னல் காரணமாக நிறுத்துகிறோம், காத்திருங்கள். அரைமணி கழித்து அதே குரல், நிகழ்ச்சி ரத்து என்றது.

கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கார்களை நோக்கி நகர்ந்தது. யாரும் கத்தவில்லை. அந்தோணி காரை எடுக்கப் போனார். மைதானம் சேறாகி வண்டிகள் மாட்டிக்கொண்டிருந்தன. சாப்பாட்டுக் கடைகளுக்காகப் போட்டிருந்த பெரிய கூடாரத்தில் நாங்கள் மூன்று பேரும் ஒதுங்கினோம். எங்களைப்போல் இருநூறு, முந்நூறு பேர் இருந்திருப்பார்கள். பிலோ ஒரு பெஞ்சில் உட்கார்ந்து செருப்பிலிருந்த சேற்றை டிஷ்யூவால் துடைத்தாள். ரொம்ப நேரம் துடைத்தாள்.

"வேணும்னா வேற ஊர்ல..." என்று தொடங்கினாள் ஷீலா.

"வியாழக்கிழமைக்கு முன்னால வேற ஊரு ஏது?" என்றாள் பிலோ. கோபம் இல்லை. கணக்கு சரிபார்ப்பதுபோல் சொன்னாள்.

மழை தூறலாக மெலிந்தபோது கூடாரத்தின் மறுபக்கத்தில் ஒரு சலசலப்பு. நான் கடைக்காரர்கள் மூட்டை கட்டுகிறார்கள் என்று நினைத்தேன். ஷீலாதான் எழுந்து பார்த்தாள். பிறகு தன் அம்மாவின் தோளைத் தட்டிக் கையைக் காட்டினாள்.

அவர்கள் நாலு பேரும் வந்திருந்தார்கள். ஒருவர் பின்னால் இன்னொருவராக, தலையில் பிளாஸ்டிக் மேலங்கியோடு, குடும்பக் கல்யாணத்துக்குத் தாமதமாக வந்த பெரியவர்கள் மாதிரி. கையில் மரக் கிதார் ஒன்றுதான். மைக் இல்லை. டிரம்மர் ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் எட்டிப் பார்த்து, காலி எண்ணெய் டின் ஒன்றைக் கேட்டு வாங்கிக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டார். பாடகர் ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "டிக்கெட்டுக்கு நாங்கள் நாலு பாட்டுதான் கொடுத்திருக்கிறோம். மின்சாரம் இல்லாமல் பாடித்தான் நாங்கள் தொடங்கினோம். பக்கத்தில் வாருங்கள், என்னால் கத்த முடியாது."

கூட்டம் அப்படியே முன்னால் நகர்ந்தது. ஐந்து வரிசை முதுகுக்குப் பின்னால் நாங்கள்.

நான் கூச்ச சுபாவம் உள்ளவள். திருச்சியில் ரேஷன் கடையில் ஒருவர் இடையில் நுழைந்தால்கூடப் பேசாமல் நிற்பேன். அன்று பிலோவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனேன். எதிரே நின்ற கறுப்புச் சட்டைக்காரரின் தோளைத் தொட்டேன். "இவளுக்குக் காது கேக்காது. பக்கத்துல போனா கேக்கும்," என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் பிலோவின் மெஷினைப் பார்த்தார். மலாயில் சத்தமாக ஏதோ சொன்னார். முதுகுகள் விலகின. யாரோ ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைத் தலைக்குமேல் கைமாற்றி அனுப்பினார்கள். பாடகருக்கு இரண்டடி தூரத்தில், வலது காது அவர் பக்கம் இருக்கும்படி, அதில் பிலோ உட்கார்ந்தாள்.

அவர்கள் எடுத்தது எங்கள் பாட்டு. அந்தக் கேசட்டின் இரண்டாம் பக்கத்தில் மூன்றாவது. மெதுவான பாட்டு. வானொலி அறிவிப்பாளர் அதில் மட்டும் நடுவில் பேசவில்லை.

கிழவரின் குரல் உடைந்திருந்தது. மேலே போகவேண்டிய இடங்களில் போகாமல், பக்கத்திலேயே நின்று தொட்டுவிட்டு வந்தது. எண்ணெய் டின்னில் டிரம்மர் விரலால் மட்டும் தட்டினார். முந்நூறு பேரும் அசையாமல் நின்றார்கள். ஒருவர்கூடச் சேர்ந்து பாடவில்லை. ஸ்டூலில் இருந்தவளுக்காகத்தான் அந்த அமைதி என்று நினைக்கிறேன். பிலோ சக்கரத்தை ஒருமுறை திருப்பினாள். தலையை இன்னும் கொஞ்சம் சாய்த்தாள். கை மடியில் அப்படியே நின்றது.

"வருது," என்றாள்.

எனக்கா, தனக்கேவா தெரியவில்லை. அவள் உதடு பாட்டின் வரியைப் பிடித்தது. ஒரு வார்த்தை பின்னால்தான் போனாள், ஆனால் விடாமல் போனாள். ஷீலா என் முழங்கையைப் பிடித்திருந்தாள். பிடித்த இடத்தில் மறுநாள் வரை வலித்தது.

மூன்று பாட்டு பாடினார்கள். முடிந்ததும் கிதார்க்காரர் கிதாரைத் தோளிலிருந்து இறக்குவதற்காகத் தொப்பியைக் கழற்றினார். காதுக்குப் பின்னால், வெள்ளை முடிக்கு நடுவில், வட்டமான சிறு வில்லை ஒட்டியிருந்தது. பிலோ எழுந்து நின்று தன் வலது காதைத் தொட்டுக் காட்டினாள். "வியாழக்கிழமை," என்று ஆங்கிலத்தில் சொன்னாள். "எனக்கும் அதுதான்."

அவர் அவள் வாயைப் பார்த்தார், அவள் அவர் வாயைப் பார்த்தாள்.

"பயமாக இருக்கிறதா?" என்று கேட்டார்.

"பாட்டு திரும்பி வருமா?"

நல்ல வார்த்தை சொல்லி அனுப்பிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். "பழையது வரவில்லை. அதற்காகக் காத்திருந்து ஒரு வருஷத்தை வீணாக்கினேன். முதல் மாதம் என் மனைவி பேசியது வாத்து கத்துவதுபோல் கேட்டது. அவளிடம் அதைச் சொல்லியும் தொலைத்தேன்." பிலோ சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். பிறகு குனிந்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். "ஆனால் அவளுடைய நிஜக் குரல் எனக்கு ஞாபகம் இருந்தது. வாத்துக்குள் அதைத் தேடினேன். ஒருநாள் கிடைத்தது. இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. உங்கள் வீட்டு ஆட்களின் குரலை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பாட்டை விட்டுவிடுங்கள், அது எங்கள் வேலை."

அவள் பெயரைக் கேட்டார். சொன்னாள். இரண்டு முறை தப்பாகச் சொல்லி மூன்றாவது முறை சரியாகச் சொன்னார். அதற்குள் அவர்களை அழைத்துப்போக ஆள் வந்துவிட்டது. டிரம்மர் எண்ணெய் டின்னைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

இதை எழுதும்போது பிலோவுக்கு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, கருவியும் இயங்கத் தொடங்கிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரம்மா கதவுக்கு வெளியிலிருந்து கூப்பிட்டது புரிந்ததாக எழுதியிருக்கிறாள். பாட்டு இன்னும் பிடிபடவில்லையாம். நான் ஜோகூரைப் பற்றி யாரிடம் பேசினாலும் கச்சேரியைத்தான் கேட்கிறார்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது திரும்பி வந்த கார்ப் பயணம்.

மைதானத்திலிருந்து வெளியேறவே ஒரு மணி நேரம். கெலாங் பாத்தா கடைத் தெருவுக்கு வந்தால் அங்கேயும் வண்டிகள் நகரவில்லை. ஷீலா தன் போனில் லான்டர்ன் ரோவின் பாட்டைப் போட்டாள். பிலோ திரும்பிக் கையை ஆட்டினாள்.

"பாட்டு வேணாம். பேசுங்க. எல்லாரும் பேசுங்க."

அந்தோணி இன்ஜினை அணைத்தார். ஏசியும் நின்றது. கண்ணாடியெல்லாம் ஏற்றியிருந்ததால் காருக்குள் நல்ல அமைதி. பிலோ பின்னால் இருந்த எங்களுக்காக இருக்கையில் முழுசாகத் திரும்பி உட்கார்ந்து வலது காதைக் கொடுத்தாள். ஷீலா முன்னால் சாய்ந்து அலுவலகக் கதைகளைச் சொன்னாள். சின்ன வயதில் ஒரு பாட்டில் சோயா சாஸை உடைத்துவிட்டுப் பூனைமேல் பழி போட்டதை அன்றுதான் ஒப்புக்கொண்டாள். நான் கடிதத்தில் எழுதத் தயங்கிய இரண்டு விஷயங்களைச் சொன்னேன். பிலோ கண்ணை மூடியிருந்தாள். முதல்முறையாக அவள் எங்கள் வாயைப் பார்க்கவில்லை.

"உங்க குரல் எங்கே?" என்றாள் கடைசியில், அந்தோணி பக்கம் திரும்பி.

அந்தோணி அதிகம் பேசாதவர். அந்த மூன்று நாளில் அவர் என்னிடம் பேசியதை ஒரு தாளில் எழுதிவிடலாம். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தார். "என்னத்தைப் பேசறது?"

"எதையாச்சும்."

அவர் தொண்டையைச் செருமினார். தெருவைப் பார்த்தார். பிறகு கடைப் பலகைகளைப் படிக்கத் தொடங்கினார். "கெடாய் மாக்கான்," என்றார். "பெங்கெல் கெரேத்தா. கிளினிக் கிகி." சாப்பாட்டுக் கடை, கார் ரிப்பேர் கடை, பல் ஆஸ்பத்திரி. மாதா கோவிலில் வேதாகமம் வாசிப்பவரைப்போல நிறுத்தி நிறுத்திப் படித்தார். ஷீலா சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டாள். தையல் கடை, மருந்துக் கடை, டயர் கடை. இடது கைப் பலகைகள் முடிந்ததும் வலது கைப் பக்கம் வந்தார். அவர் குரல் கனமாக, அடியில் கொஞ்சம் கரகரப்போடு இருந்தது. நான்கூட அதை அப்போதுதான் ஒழுங்காகக் கேட்டேன்.

முன்னால் வண்டிகள் இன்னும் அசையவில்லை. அவர் நிறுத்தினார்.

"பலகையெல்லாம் முடிஞ்சிருச்சு," என்றார்.

"முதல்லேர்ந்து படிங்க," என்றாள் பிலோ.